கீழக்கரை வீட்டின் அடுப்புச் சுவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டுக்காரப் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ குளிர்நாட்டு வீட்டுக் கூடம். வெள்ளைச் சுவரின் நடுவில் கணப்பு, அதற்கு மேலே அகலமான டிவி, கீழே கண்ணாடிக்குள் நெருப்பு. "இது மாதிரி வேணும் சார். நெருப்பு வேணாம், பார்வைக்கு இப்படி இருந்தாப் போதும்" என்றார்.

மே மாதம். கீழக்கரையின் குறுக்குச் சந்துகளில் நடந்து வந்ததிலேயே என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்த ஊரில் கணப்பா என்று சிரிப்பு வந்தது. அவர் நகர்ந்து பின்னால் இருந்த சுவரைக் காட்டியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் கூடத்தில் கணப்பு மாதிரியே ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. நாலரை அடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒரு வாய். அதன் மேல் உள்வாங்கி உயர்ந்து கூரையைத் துளைத்துப் போகும் புகைக்கூண்டு. வாயை டைல்ஸ் வைத்து அடைத்திருந்தார்கள். அதன் முன் சிமெண்ட் தட்டு, தட்டின் மேல் டிவி, டிவிக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூங்கொத்து. அந்த இடத்துக்கு வீட்டில் 'ஷோகேஸ்' என்று பெயர்.

டைல்ஸுக்கு மேலே சுவர் கந்தலாகிக் கிடந்தது. பூச்சு வயிறு தள்ளி நின்றது. விரலால் அழுத்தினால் வெள்ளைத் தூள் கொட்டியது. கூரையை ஒட்டி டீக்கறை நிறத்தில் ஒரு வளையம். "இத மூணு தடவை பூசியாச்சு தம்பி. பூசப் பூச உதிருது" என்றார் அந்தப் பெண்ணின் உம்மா. வயது அறுபத்தெட்டு. இந்த வேலையில் எனக்கு மிகச் சரியான துப்பு கொடுத்தவர் அவர்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டின் வரலாறு

இங்கே பல குடும்பங்களில் வீடு பெண்வழியாகத்தான் போகும். இந்த வீடும் பாட்டியிடமிருந்து உம்மாவுக்கு, உம்மாவிடமிருந்து இளைய மகளுக்கு. துபாயில் 11 வருடம் இருந்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பியிருந்தார் இளைய மகள். சுவர்கள் ஒன்றரை அடிக்கு மேல் கனம். சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய பவளக்கல். கூரை தேக்கு உத்தரத்தின் மேல் கட்டைக்குத்து ஒட்டு, அதாவது சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம். இந்தக் கடற்கரையில் பழைய வீடுகள் நிறைய இப்படித்தான் இருக்கும்: கல் கடலிலிருந்து, சுண்ணாம்பும் கடலிலிருந்து.

இப்போது கூடமாக இருக்கும் இடத்தில் பின்பாதி முன்பு அடுப்பங்கரை. 1996-ல் மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசியபோது மாப்பிள்ளை வந்து தங்குவதற்காக மாடியில் ஓர் அறை எழுப்பினார்கள். கீழே கூடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நடுச்சுவரை எடுத்தார்கள். அடுப்பு கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. அடுத்த வருடமே புகை வீட்டுக்குள் திரும்ப ஆரம்பித்தது. அடுப்பு கெட்டுப்போச்சு என்று முடிவுகட்டி கேஸுக்கு மாறினார்கள். புகைக்கூண்டின் தலையை மொட்டை மாடியில் 3 அங்குலக் கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். வாயை டைல்ஸ் வைத்து அடைத்தார்கள். அந்தக் காலத்து 'புதுப்பிப்பு' அது. அதிலிருந்துதான் சுவர் உதிர ஆரம்பித்தது என்பதை வீட்டில் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. சுவர் உதிர்ந்தது இரண்டு மழைக்காலம் கழித்து என்பதால் இருக்கலாம்.

தட்டிப் பார்த்தது

முதல் நாள் வேலை வெறும் தட்டல்தான். கரணையின் பிடியால் சுவர் முழுக்கத் தட்டி, 'டொப்' என்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால் இரண்டு தனித்தனிக் கூட்டங்கள். ஒன்று தரையிலிருந்து மூன்றடி வரை. கீழக்கரையில் எந்தப் பழைய வீட்டிலும் இது இருக்கும். தரைக்கடியில் உவர் நீர், சுவர் திரிபோல அதை உறிஞ்சி ஏற்றும், பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்கு மேல் ஏறாது. இன்னொன்று கூரையிலிருந்து கீழே இறங்கி வந்து, ஏழடி உயரத்தில் அகன்று, புகைக்கூண்டின் தோள்களில் முடிந்தது. நடுவில் நாலடி சுவர் கல்லு மாதிரி கெட்டி. கீழே இருந்து ஏறும் ஈரம் நடுவை விட்டுவிட்டு மேலே தாவாது. ஆக மேலே இருப்பது வேறு நோய்.

இரண்டு இடத்திலும் பூச்சைச் சுரண்டி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் கற்றது, உப்பு இருந்தால் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை இறங்கும். கீழ்ப்பூச்சு திரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். மேல்பூச்சு அதைவிடக் கெட்டியாகத் திரிந்தது. கூரைக்குப் பக்கத்தில் அவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது?

பதில் உம்மாவிடம் இருந்தது. அந்தக் காலத்தில் விறகுக்கு என்ன எரிப்பீர்கள் என்று கேட்டேன். சீமைக்கருவேலம், பனைமட்டை, தென்னம்பாளை என்று அடுக்கியவர், "பெருநாளைக்குத் தொதல் கிண்ட மட்டும் வள்ளப் பலகை வாங்குவோம். ஒடச்ச வள்ளம் சல்லிசாக் கிடைக்கும், நின்னு எரியும்" என்றார். தொதல் இந்த ஊர் இனிப்பு, வள்ளம் என்றால் படகு. பல வருடம் கடல் நீரில் ஊறிய பலகை. எரியும்போது அதிலிருக்கும் உப்பு புகையோடு போய்க் கூண்டின் உள்சுவரில் கரியோடு ஒட்டிக்கொள்ளும். விறகுப் புகைக்கரி என்பதே ஈரத்தை இழுக்கும் சரக்கு, அதோடு உப்பும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

உப்பு சுவரில் சும்மா இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. கரைவதும் உறைவதும்தான் கெடுதல். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் கடற்கரையில் ராத்திரிக்கும் நடுப்பகலுக்கும் இடையில் ஈரப்பதம் இந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டி வரும். ஒவ்வொரு தடவை படிகமாகும்போதும் பூச்சின் துளைக்குள் ஒரு சின்ன நெம்பு. சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் மேல்முகம் வரை வந்து ஆவியாகும், உப்பு வெளியே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உப்பு கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் உறையும், பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். மூன்று தடவையும் 'இன்னும் ஸ்ட்ராங்கா' என்று சிமெண்ட்டைக் கூட்டிப் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கழன்ற பாளத்தோடு கல்லின் முகமும் கொஞ்சம் போயிருக்கிறது.

மேலே ஏறிப் பார்த்தால் கான்கிரீட் மூடியில் மூலைக்கு மூலை விரிசல். உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் அல்லவா, பலகையைப் பிளந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த விரிசல் வழியாகக் கூண்டுக்குள் இறங்கி, கரியில் ஊறி, உப்பைக் கரைத்துச் சுவருக்குள் தள்ளியிருக்கிறது. டீக்கறை வளையம் அதுதான். மழைக்காலத்தில் கூடத்தில் அடிக்கும் 'பழைய சட்டி வாடை'யும் அதுதான். அந்தத் தட்டில் வைத்த டிவி இரண்டு முறை போர்டு போனதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இடிப்பதா, மூடுவதா

மருமகன் வீடியோ காலில் வந்தார். "மொத்தமா இடிச்சுத் தள்ளிரலாமே?" நியாயமான கேள்விதான். ஆனால் தேக்கு உத்தரங்களில் ஒன்று நேராகப் புகைக்கூண்டின் இடது தோளில் உட்கார்ந்திருந்தது. கூண்டை எடுத்தால் உத்தரத்துக்கு வேறு கால் வேண்டும், உத்தரம் அரை அங்குலம் இறங்கினாலும் கட்டைக்குத்து ஒட்டு விரியும். கீழே கூண்டை எடுத்துவிட்டு மேலே மட்டும் தொங்கவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் நான் அடியில் நின்று டீ குடிப்பதில்லை.

அடுத்த யோசனை ராமநாதபுரத்து இன்டீரியர்காரர் ஒருவருடையது. பிளைவுட் பெட்டி அடித்து எல்லாவற்றையும் மூடி, மேலே லேமினேட் ஒட்டி, உள்ளே எல்.இ.டி. விளக்கு. அலைபேசிப் படத்துக்கு மிக நெருக்கமாக வரும், 6 நாளில் முடியும். ஈரச் சுவரை மூடிய பெட்டி இரண்டே வருடத்தில் கரையான் புற்றாகும் என்று சொன்னேன். அவர் மழுப்பினார்.

முடிவு ஒரு மாலையில் தானாக வந்தது. உம்மா டிவி தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அடுப்புல ஒரு குத்தமும் இல்ல தம்பி. கச்சான் அடிக்கும்போதுதான் புகை திரும்பும். வாடையில ஒரு சொட்டுப் புகை உள்ள வராது."

நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. 1996-ல் கட்டிய மாடி அறை புகைக்கூண்டுக்குத் தென்மேற்கே, ஆறடி தள்ளி நின்றது. அறையின் உயரம் 10 அடி. புகைக்கூண்டு தளத்துக்கு மேலே நீட்டியிருந்தது 5 அடி. கச்சான் அந்த அறை மேல் ஏறி இந்தப் பக்கம் விழும்போது சுழன்று நேராகக் கூண்டின் வாய்க்குள் குத்தும். வாடை எதிர்த்திசையிலிருந்து வருவதால் அந்தத் தொல்லை இல்லை. புகைபோக்கி கட்டுகிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 அடி தூரத்துக்குள் எது உயரமோ அதைவிட 2 அடியாவது கூண்டு உயர வேண்டும். இங்கே 12 அடி வேண்டியிருந்தது, இருந்தது 5. அடுப்பைக் குற்றவாளி ஆக்கி 27 வருடம் அடைத்து வைத்திருந்தார்கள்.

கீழே வந்து விஷயத்தைச் சொன்னேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுல மறுபடி தொதல் கிண்டலாமா?" என்றார். அதோடு பிளைவுட் பேச்சு முடிந்தது. கீழக்கரைத் தொதலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கை விடாமல் கிண்டிச் சுருள வைப்பது. கேஸ் அடுப்பில் செய்யலாம்தான். செய்தவர்களே அதைத் தொதல் என்று ஒப்புக்கொள்வதில்லை.

கூண்டைத் திறந்த நாள்

டைல்ஸை உடைத்ததும் உள்ளே அடுப்பு அப்படியே இருந்தது. இரண்டு குழி, பக்கத்தில் ஒரு கொடி அடுப்பு, ஓரத்தில் கரி பிடித்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. பவளக்கல்லுக்கு முன்னால் நாலரை அங்குலத்துக்குச் செங்கல் அடுக்கி மண் சாந்தால் கட்டியிருந்தார்கள். கட்டியவர் விவரம் தெரிந்தவர். பவளக்கல் 400 டிகிரி சூட்டைத் தாண்டினாலே உள்ளுக்குள் உருமாறிப் பருத்து உதிர ஆரம்பிக்கும், 900 டிகிரி பக்கம் போனால் சுண்ணாம்பாகவே வெந்துவிடும். அதனால்தான் நெருப்புக்கும் கல்லுக்கும் நடுவே செங்கல். ஒரே ஒரு மூலையில் செங்கல் விழுந்திருந்தது. அங்கே கல் ரவை மாதிரி கையோடு வந்தது.

மேலே மூடியை வெட்டி எடுத்ததும் கூண்டுக்குள்ளிருந்து கரி சரிந்தது. ஐந்து சாக்கு. காய்ந்த கரி அல்ல, ஈரம் கோத்த, கீல் மாதிரிப் பளபளப்பான கட்டிகள். நடுவில் மைனாக் கூடு ஒன்று, கூட்டில் பச்சை நிற நைலான் வலைத் துண்டு. பெரிய மேஸ்திரி ஒரு கரிக் கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "கருவாடு தம்பி" என்றார். சில்வர் நைட்ரேட் வாங்க நான் செய்த செலவு நினைவுக்கு வந்தது.

அந்த மேஸ்திரியைப் பெரியபட்டினத்திலிருந்து கூட்டி வந்திருந்தேன். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம். உம்மாவை 'தங்கச்சி' என்பார், என்னைத் 'தம்பி' என்பார், சிமெண்ட்டை மட்டும் மரியாதையில்லாமல் 'அவன்' என்பார்.

முதலில் சுவரிலிருந்து உப்பை இழுக்க வேண்டும். சிமெண்ட் பூச்சு முழுவதையும் கல் தெரியும் வரை கொத்தி எடுத்தோம். பழைய செய்தித்தாளைக் கிழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கிச் சுவரில் ஓர் அங்குலக் கனத்துக்கு அப்பினோம். கூழ் காயும்போது உள்ளே இருக்கும் உப்பு கரைந்து கூழுக்குள் வந்துவிடும். காய்ந்ததும் உரித்து வெளியே எறிய வேண்டும். உரித்த இடத்தில் மறுபடி அப்ப வேண்டும். நான்கு சுற்று போனது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் முழு வேலையிலும் பிடித்த பகுதி. நான்காம் சுற்றில் சில்வர் நைட்ரேட் சோதனை லேசான மங்கலோடு நின்றது.

இதில் தண்ணீர்தான் உயிர். வீட்டு போர் தண்ணீர் உவர். அதில் கூழ் பிசைந்தால் உப்பை எடுக்கிற இடத்தில் உப்பைக் கொடுத்துக்கொண்டிருப்போம். சாந்துக்கும் அதேதான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் டிரம்மில் பிடித்துவைத்து அதை மட்டும் பயன்படுத்தினோம். இந்த மாவட்டத்தில் புதுப் பூச்சு உதிரும் வீடுகளில் பாதிக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, என்ன தண்ணீரில் குழைத்தீர்கள் என்பதுதான்.

கல் விஷயத்தில் ஒரு சிக்கல். உதிர்ந்த மூலைக்குப் பவளக்கல் வேண்டும், ஆனால் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டன. 2001-லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே காப்பு. தெரிந்த ஒருவர் 'ஏற்பாடு பண்ணலாம்' என்றார், வேண்டாம் என்றேன். 1996-ல் இடித்த நடுச்சுவரின் கற்கள் கொல்லையில் கோழிக்கூண்டுக்கு அடியில் கிடந்தன. கோழிகளை இடம் மாற்றினோம். போதாத இடத்துக்குச் சூளைச் செங்கல்.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, மூன்று வாரம் தொட்டியில் நீர்த்து ஊறவைத்தது. முதல் கை பூசச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மூன்று மணல், மேல் கைக்கு ஒன்றுக்கு இரண்டு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்தோம். கருப்பட்டியைக் கூட்டிப் போடலாமா என்று சித்தாள் ஒருவர் கேட்க, "சுவத்துக்கு எறும்பு குடிவரும்" என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும், அவசரப்படாது. ஒவ்வொரு கைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள், காலை மாலை தண்ணீர் தெளிப்பு. மகள் தினமும் "இன்னும் எத்தனை நாள் சார்?" என்று கேட்டார். கேட்கத்தான் செய்வார், வீட்டின் பாதி சாமான் மாடி அறையில் கிடந்தது.

என் தவறு

மகளின் அவசரத்துக்கு நானும் ஓரிடத்தில் வளைந்துகொடுத்தேன். அடுப்பு வாய்க்கு மேலே இரண்டடி அகலப் பட்டையில் பழைய சுண்ணாம்புப் பூச்சு கெட்டியாகவே இருந்தது. கரிக்கறை மட்டும்தான். அதைக் கொத்த வேண்டாம், பிரைமர் அடித்து எமல்ஷன் போட்டுவிடலாம் என்றேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை மகளிடமிருந்து போட்டோ வந்தது. வெள்ளைப் பட்டையின் நடுவே மஞ்சள் கறை, வியர்த்த அக்குள் மாதிரி. புகைக்கறையில் இருக்கும் பிசின் தண்ணீர்ப் பெயிண்டில் கரைந்து மேலே ஏறிவிடும், எத்தனை கை அடித்தாலும் ஏறும். குளிர்நாடுகளில் பழைய கணப்புக்கு வெள்ளையடிக்கும்போது இதே தொல்லை வரும் என்று படித்திருக்கிறேன், படித்தும் செய்தேன். அங்கே அரக்கு பிரைமர் அடித்துக் கறையைப் பூட்டுவார்கள். இங்கேயும் அரக்கும் ஸ்பிரிட்டும் மரப் பாலிஷ் கடையில் கிடைக்கும். ஆனால் அரக்கு சுவரின் மூச்சை அடைக்கும், அதற்காகத்தானே இவ்வளவு பாடு. கடைசியில் அந்தப் பட்டையையும் கல் வரை கொத்திப் புதிதாகப் பூசினோம். 9 நாள் கூடுதல், என் செலவு.

இப்போது அடுப்பு

கூண்டுக்குள் 12 அங்குல விட்டத்தில் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கினோம். சாதா ஸ்டீல் இந்தக் காற்றில் நிற்காது. வாயின் பரப்பில் பத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டில் ஒன்று வரை குழாய் இருந்தால் புகை இழுக்கும். பழைய வாய் 13.5 சதுர அடி, குழாய்க்கு அது பெரிது. அகலத்தை நாலரையிலிருந்து மூன்றடியாகக் குறுக்கினோம். 9 சதுர அடிக்குக் குழாய் 0.78, கணக்கு சரி. குறுக்கியதில் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது அங்குலம் மிஞ்சியது, அதை மாடமாக்கினோம். ஒன்றில் பித்தளை விளக்கு, இன்னொன்றில் இப்போதைக்கு ரிமோட்டுகள். உயரத்தைக் குறைத்திருக்கலாம், ஆனால் துடுப்பைப் பிடித்து நின்று கிண்ட மூன்றடி வேண்டும் என்று உம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

தளத்துக்கு மேலே குழாய் 12 அடிக்கு நிற்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் வந்து நின்றதை நினைத்து மூன்று பக்கம் இழுகம்பி கட்டினோம். உச்சியில் மழை மூடி, பறவை வலை. பழைய உத்தரத் துண்டு ஒன்றை இழைத்து வாய்க்கு 15 அங்குலம் மேலே பலகையாகப் பதித்தோம், அதற்குக் கீழே வந்தால் மரம் கருகும். முன்னால் தரையில் ஒன்றரை அடிக்குக் கருங்கல், பொறி தெறித்தால் கல்லில் விழட்டும் என்று. டிவி பக்கத்துச் சுவருக்குப் போனது. அடுப்புக்கு மேல் டிவி என்பது அலைபேசிப் படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, சூடும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் டிவிக்கு எதற்கு? எரிக்காத நாட்களில் வாயை மூடத் துளைகள் போட்ட மரக் கதவு உண்டு. துளை அழகுக்கு அல்ல. கூண்டு எப்போதும் மூச்சு விட வேண்டும்.

அந்த வீட்டில் இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தியது. கூண்டை அடைத்த பிறகும் மழைக்காலத்தில் சாம்பிராணிக்குக் கங்குச் சட்டியை அந்தக் கூடத்தில்தான் வைத்திருக்கிறார்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு. பெரிய மகள் பிள்ளை பெற்று வந்திருந்தபோது எல்லோருக்கும் தலைவலி, கண்ணேறு என்று நினைத்தார்களாம். கரிக் கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இப்போது கங்குச் சட்டி அடுப்பு வாய்க்குள்தான் உட்காரும், ஜன்னலில் ஒன்று திறந்திருக்கும். சுவரில் மகள் வாங்கி மாட்டிய எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருக்கிறது.

முதல் எரிப்புக்கு வைக்கோலும் ஈரப் பனையோலையும் போட்டோம், புகை நிறைய வரட்டும் என்று. ஒரு நிமிடம் புகை வாயருகே தயங்கி நின்றது. உம்மா என்னைப் பார்க்கவில்லை, புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் சூடேறியதும் யாரோ மேலிருந்து உறிஞ்சியது போல மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. மாடியில் நின்ற பையன் "வருது வருது" என்று கத்தினான்.

பெருநாளுக்குத் தொதல் கிண்டினார்கள். வள்ளப் பலகை கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், காய்ந்த சீமைக்கருவேலம்தான். எனக்கும் ஒரு ஓலைப் பெட்டி வந்தது.

மழைக்காலம் ஒன்று போய்விட்டது. கூரைக் கறை திரும்பவில்லை. தரையோரம் இடது மூலையில் உப்பு லேசாகப் பூக்கிறது, அது தரையீரம், மகள் வாரம் ஒரு தடவை தூரிகையால் தட்டிவிடுகிறார். ஒரே ஒரு புகார் பாக்கி. கச்சான் ஏறிய ராத்திரிகளில் மழை மூடிக்கும் குழாய்க்கும் நடுவே காற்று புகுந்து ஊளையிடுகிறதாம், சின்னவன் பயந்து உம்மாவிடம் போய்ப் படுத்துக்கொள்கிறானாம். மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து பட்டறையில் போட்டிருக்கிறேன். விளிம்பை வெளிப்பக்கம் மடக்கி, நடுவில் இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்தினால் சத்தம் நிற்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை மாட்டப் போகிறோம்.